காணாக்கடி: சிலந்தியும் சிற்றுண்ணியும் ஒவ்வாமையும்

தமிழில் 'காணாக்கடி' என்றொரு சொல் வழங்குகிறது. கடித்தது இன்னதென்று தெரியாது. கடித்த நேரமும் தெரியாது. ஆயினும் உடலில் தடிப்புத் தடிப்பாக எழும்பும், தினவு எடுக்கும். இதனையே நம் முன்னோர் காணாக்கடி என்றனர். காரணம் கண்ணுக்குப் புலப்படவில்லை என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளும் சொல் இது.

இதற்கு மாறாக மற்றொரு வழக்கும் நம்மிடையே உண்டு. 'சிலந்தி' என்னும் சொல் எட்டுக்கால் பூச்சியைக் குறிப்பதோடு, உடலில் தோன்றும் ஒருவகைக் கட்டியையும் புண்ணையும் குறித்து வருகிறது. பூச்சிக்கும் புண்ணுக்கும் ஒரே பெயர் அமைந்தமையால், காலையில் கையிலோ கழுத்திலோ ஒரு கொப்புளத்தைக் கண்டதும், 'இரவில் சிலந்தி ஊர்ந்திருக்கும்' என்று சொல்வது பல இல்லங்களில் இயல்பாகிவிட்டது. உடனே துடைப்பத்தை எடுத்துச் சுவரிலும் கூரையிலும் உள்ள சிலந்திகளை அடித்துத் தள்ளுகிறோம்.

இவ்விரு சொற்களுள் முன்னதையே இற்றைநாள் மருத்துவ ஆராய்ச்சி பெரிதும் உறுதி செய்கிறது. நம்மைத் தும்ம வைப்பதும், அரிப்பெடுக்க வைப்பதும், குழந்தைகளுக்கு நள்ளிரவில் மூச்சிரைப்பை உண்டாக்குவதும் பெரும்பாலும் சுவரில் தெரியும் சிலந்தியன்று. கண்ணுக்குத் தெரியாத அதன் உறவினமே. அவ்வுறவினம் எது, அது எவ்வாறு துன்பம் விளைக்கிறது, அதனை எவ்வாறு தடுப்பது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம். குற்றவாளியைத் தவறாகப் பிடித்தால், மெய்யான குற்றவாளி படுக்கையிலேயே தங்கிவிடும். அதன் விளைவைப் பெரும்பாலும் சுமப்பவர்கள் குழந்தைகள்.

நஞ்சு வேறு, ஒவ்வாமை வேறு

முதலில் இரண்டு கருத்துகளைப் பிரித்து உணர்தல் வேண்டும். நஞ்சு என்பது யார் உடலில் பட்டாலும் கேடு செய்யும். அளவு மிகுந்தால் கேடும் மிகும். ஒவ்வாமை அத்தகையதன்று. ஒரே பாயில் படுத்த இருவருள் ஒருவர் நன்றாக உறங்குவார். மற்றவர் விடியும்வரை தும்முவார். பொருள் ஒன்றே; அதனை ஏற்கும் உடல்களே வேறு. 'ஒவ்வுதல்' என்றால் பொருந்துதல். பொருந்தாமையே ஒவ்வாமை. ஆஸ்திரிய மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 1906ஆம் ஆண்டில் 'அலர்ஜி' என்னும் சொல்லை ஆக்கினார். 'வேறு' எனவும் 'செயல்' எனவும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. நம் தமிழ்ச்சொல் அதைக் காட்டிலும் தெளிவாகப் பொருளை உணர்த்துகிறது எனலாம்.

ஒவ்வாமை நிகழும் முறை இது. நம் உடலில் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் காவற்படை ஒன்றுண்டு. சிலருடைய உடலில் அப்படை, தீங்கற்ற ஒரு புரதத்தையும் பகையெனக் கருதிவிடுகிறது. அப்புரதத்திற்கென ஓர் எதிர்ப்பொருளை உண்டாக்கி, மூக்கு, நுரையீரல், தோல் ஆகியவற்றிலுள்ள சில உயிரணுக்களின்மேல் பதித்து வைக்கிறது. மறுமுறை அப்புரதம் உள்ளே வந்தவுடன், அவ்வுயிரணுக்கள் வெடித்தாற்போல் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. மூக்கில் கொட்டினால் தும்மலும் நீரும். தோலில் கொட்டினால் தடிப்பும் தினவும். மூச்சுக்குழலில் கொட்டினால் குழல் சுருங்கி இரைப்பும் தோன்றும். இந்த எதிர்ப்பொருளை 1966, 1967ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆய்ந்த ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே, தெருகோ இஷிசாக்காவும், சுவீடனில் ஜோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே கண்டறிந்தனர். 1968இல் அதற்கு 'ஐஜிஈ' என்னும் பெயர் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

முதன்முறை எதிர்ப்படும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. பழகிய பின்னரே பகை வெளிப்படுகிறது. 'இத்தனை நாள் இல்லாதது இப்போது எப்படி வந்தது?' என்று வினவுவோர்க்கு இதுவே விடையாகும்.

சிலந்தியின் மேல் வழக்கு

இனிச் சிலந்தியின்மேல் சாட்டப்படும் குற்றத்தை ஆராய்வோம். சிலந்திகள் ஏறக்குறைய எல்லாமே நஞ்சுடையவை. ஆனால் அந்நஞ்சு பூச்சிகளைக் கொல்வதற்கே அமைந்தது. வீட்டுச் சிலந்திகளுள் பலவற்றின் பற்கள் மனிதத் தோலைத் துளைக்கும் வலிமையற்றவை. உறங்குபவரைத் தேடி வந்து கடிப்பதால் அவற்றிற்கு யாதொரு பயனும் இல்லை. அவை கொசுவைப்போல் குருதி குடிப்பனவல்ல.

ஆஸ்திரேலியாவில் இஸ்பிஸ்டர், கிரே என்னும் இரு ஆய்வாளர்கள், கடித்த சிலந்தியே பிடிபட்டு இன்னதென்று உறுதி செய்யப்பட்ட 750 கடிகளை ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டனர். நச்சுச் சிலந்திகளுக்குப் பெயர்பெற்ற நாடு அது. ஆயினும் அந்த 750 பேருள் ஒருவர்க்கேனும் உடனடி ஒவ்வாமை தோன்றவில்லை. அழுகிய புண்ணும் ஒருவர்க்கும் உண்டாகவில்லை. அமெரிக்காவில் தென் கலிபோர்னியாவில் நடந்த மற்றோர் ஆய்வில், 'சிலந்தி கடித்துவிட்டது' என்று மருத்துவமனைக்கு வந்த 182 பேரைச் சோதித்தபோது, மெய்யாகவே சிலந்தி கடித்தவர் எழுவரே. 156 பேர்க்கு இருந்தது நுண்கிருமியால் வந்த தோல் அழற்சியும் கட்டியுமாகும். கட்டிக்குச் சிலந்தி என்று பெயரிட்ட நம் பழக்கமும், கட்டியைச் சிலந்திக்கடி என்று கருதிய அந்நாட்டார் பழக்கமும் ஒன்றையொன்று ஒத்திருத்தல் காண்க.

இப்பிழை பொருட்படுத்த வேண்டாத சிறு பிழையன்று. நுண்கிருமிக் கட்டிக்குரிய மருந்து வேறு. அதனைச் சிலந்திக்கடி என்று எண்ணிப் பச்சிலை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தால், சீழ் பரவி உயிர்க்கே ஊறு நேரலாம். நீரிழிவு உள்ளவர்கள் இதில் மிகுந்த எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும்.

'சிலந்தி சிறுநீர் பட்டது' என்று சொல்லப்படும் எரிகொப்புளமும் இத்தகையதே. தோலில் கோடு இழுத்தாற்போலச் சிவந்து, ஓரிரு நாளில் கொப்புளித்து எரியும் இப்புண்ணுக்குக் காரணம் ஒரு சிறு வண்டு. கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி அமைந்த, எறும்பு போன்ற உருவம் உடையது அது. மலேசியாவில் 'சார்லி' என்றும், மலாய் மொழியில் 'செமுட் காயாப்' என்றும் அதனை அழைப்பர். விளக்கொளியை நாடி மாணவர் விடுதிகளுக்குள்ளும் அடுக்குமாடி வீடுகளுக்குள்ளும் வரும். அது கடிப்பதில்லை, கொட்டுவதுமில்லை. மேலே ஊரும்போது நாம் அதனை நசுக்கினால், அதன் உடல்நீரிலுள்ள 'பீடரின்' என்னும் நஞ்சு தோலைப் பொசுக்குகிறது. இது யார்க்கும் நேரக்கூடியது. ஆகவே இது நஞ்சு, ஒவ்வாமை அன்று. அதனை நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்புநீரால் உடனே கழுவுதல் நன்று.

சிலந்தியை முற்றும் குற்றமற்றது என்று சொல்லிவிடவும் இயலாது. அமெரிக்கக் கண்டத்து மயிர்ச்சிலந்திகள் சில, அச்சுறும்போது தம் வயிற்றுப்புறத்து மயிர்களைக் காலால் உதிர்த்து வீசும். அம்மயிர்கள் தோலில் தைத்தால் கடும் அரிப்பும், கண்ணில் தைத்தால் நெடுநாள் அழற்சியும் உண்டாகும். அவற்றை வளர்ப்புப் பிராணிகளாக வைத்திருப்போர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். ஆசியக் காடுகளில் வாழும் மயிர்ச்சிலந்திகளுக்கு இவ்வித மயிர் இல்லை. ஆனால் அவை கடித்தால் வலியும் வீக்கமும் மிகும்.

எட்டுக்கால் குடும்பம்

ஆறு கால் உடையவை பூச்சிகள். எட்டுக்கால் உடையவை சிலந்தியினம். சிலந்தி, தேள், உண்ணி, சிற்றுண்ணி ஆகிய நான்கும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. ஆதலின் சிலந்தியை 'எட்டுக்கால் பூச்சி' என்பது வழக்காற்றில் சரியாயினும், உயிரியலில் பொருந்தாது. நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் ஒட்டிக்கொள்ளும் உண்ணியை அனைவரும் அறிவர். அதன் மிகச் சிறிய உறவு சிற்றுண்ணி. முட்டையிலிருந்து வெளிவரும் சிற்றுண்ணிக் குஞ்சுக்கு ஆறு கால்களே. தோலுரித்து வளர்ந்தபின் எட்டாகும்.

தமிழ் உழவர்கள் இவ்வுறவை முன்னரே உணர்ந்திருந்தனர் போலும். இலையின் அடியில் நூலாம்படை கட்டிச் சாறுறிஞ்சும் சிவந்த சிற்றுண்ணியைச் 'செஞ்சிலந்தி' என்றே அவர்கள் குறிப்பிடுகின்றனர். இத்தகைய பயிர்ச் சிற்றுண்ணிகளும் ஒவ்வாமைக்குக் காரணமாவதுண்டு. கொரியாவின் ஜேஜு தீவில் ஆரஞ்சுத் தோட்டங்களில் வேலை செய்வோர் பலர்க்கு மூக்கொழுக்கும் ஈளையும் வருவதை ஆராய்ந்தபோது, மரத்திலுள்ள செஞ்சிற்றுண்ணியே காரணம் எனத் தெரியவந்தது.

தூசியில் வாழும் உயிர்

இனி வீட்டுக்குள் வருவோம். வீட்டுத் தூசி சிலர்க்கு ஈளை நோயைத் தூண்டுகிறது என்று 1921இல் அமெரிக்க மருத்துவர் கெர்ன் எழுதினார். ஆனால் தூசி என்பது ஒரு பொருளன்று. மண், நூல், மயிர், பூஞ்சணம், தோற்செதிள் ஆகிய பலவற்றின் கலவை. அவற்றுள் எது ஒவ்வாதது என்பது பல்லாண்டுகள் புதிராகவே இருந்தது. 1928இல் ஜெர்மானிய மருத்துவர் டெக்கர், படுக்கைத் தூசியிலுள்ள சிற்றுண்ணிகளைச் சுட்டிக் காட்டினார். எனினும் அவர் சொல் எடுபடவில்லை.

1964ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்களான ஊர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலியோர் அப்புதிரை அவிழ்த்தனர். ஈரமான வீடுகளின் தூசி, உலர்ந்த வீடுகளின் தூசியைவிட மிகுதியாக ஒவ்வாமையைத் தூண்டுவதை அவர்கள் கண்டனர். ஈரத்தில் செழிப்பது எதுவோ அதுவே காரணமாதல் வேண்டும் என்று கருதித் தேடியபோது, சிற்றுண்ணி அகப்பட்டது. அதன் அறிவியற் பெயரான 'டெர்மட்டோஃபகாய்டிஸ்' என்பதற்குத் தோல்தின்னி என்பது பொருள். பெயருக்கேற்ப, நம் உடலிலிருந்து நாள்தோறும் உதிரும் தோற்செதிளே அதன் உணவு. அது நம்மைக் கடிப்பதில்லை. தலையணை, மெத்தை, இலவம்பஞ்சுத் திண்டு, கம்பளம், துணிப் பொம்மை ஆகியவற்றில் மறைந்து, நாம் உதிர்த்ததை உண்டு வாழ்கிறது.

அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. உடல் நிறமற்றுப் பளிங்குபோல் இருப்பதால் வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு பெண் சிற்றுண்ணி நாற்பது முதல் எண்பது முட்டைவரை இடும். வாயால் நீர் அருந்தாமல், காற்றிலுள்ள ஈரத்தையே உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஆகவே காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 50 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பின், அது வற்றி மடியும். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் போன்ற உயர்ந்த மலையூர்களில், ஈளையுற்ற குழந்தைகள் சிலர் மருந்து குறைந்தும் நலமாக இருப்பதற்கு இதுவே காரணம். அங்குக் காற்று உலர்ந்தது. சிங்கப்பூரிலோ ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். மலேசியாவின் தாழ்நிலப் பகுதிகளும் அவ்வாறே. சிற்றுண்ணிக்கு இதைவிட ஏற்ற இடம் எங்கே உண்டு?

நம் நாடுகளில் மற்றொரு சிற்றுண்ணியும் இதனோடு சேர்ந்து வாழ்கிறது. 'பிளோமியா டிராபிக்காலிஸ்' என்பது அதன் பெயர். 1973இல் தனியினமாகப் பெயரிடப்பட்ட இது, வெப்ப மண்டலத்திற்கே உரியது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தூசி ஒவ்வாமை உள்ளோரைச் சோதித்தபோது, ஐரோப்பியச் சிற்றுண்ணிக்கு நிகராக இதுவும் முதன்மைக் காரணமாக விளங்குவது புலப்பட்டது. குளிர்நாட்டு நூல்களை மட்டும் படித்துவிட்டு நம் நோயை அறிய முடியாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கேடு எங்கிருந்து வருகிறது?

சிற்றுண்ணியின் உடலைக் காட்டிலும் அதன் எச்சமே பெருங்கேடு விளைப்பது. நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது எச்ச உருண்டைகளை அது இடும். ஒவ்வோர் உருண்டையும் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவினது. 1980, 1981ஆம் ஆண்டுகளில் சாப்மன், பிளாட்ஸ்-மில்ஸ், டோவி ஆகிய ஆய்வாளர்கள், ஒவ்வாமை தரும் முதன்மைப் புரதத்தைப் பிரித்தெடுத்து, அதன் பெரும்பகுதி இவ்வெச்சத்தில் இருப்பதைக் காட்டினர். அப்புரதம் உணவைச் செரிக்க உதவும் ஒரு நொதி. மூச்சுக்குழலின் உட்புறத் தோலில் உயிரணுக்களை இணைத்து நிற்கும் கட்டுகளையும் அது தளர்த்தவல்லது. காவலுடைத்து உள்ளே நுழையும் கள்வனைப்போல அது செயற்படுகிறது.

இவ்வுருண்டைகள் சற்றுக் கனமானவை. அசையாத அறையில் அவை காற்றில் மிதப்பதில்லை. மெத்தையைத் தட்டினாலோ, பெருக்கினாலோ, குழந்தைகள் கட்டிலில் குதித்தாலோ மேலெழும்பி, சிறிது நேரத்தில் மீண்டும் படிந்துவிடும். படுக்கையில் முகம் புதைத்து உறங்குபவர்க்கோ இரவு முழுதும் அவற்றோடுதான் உறவு. அதிகாலையில் எழுந்தவுடன் பத்து, பதினைந்து தும்மல் அடுக்கடுக்காக வருவதன் காரணம் இப்போது விளங்கும். 'காலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை' என்று நாம் பழிப்பது பல வேளை குளிரை அன்று, தலையணையையே பழிக்க வேண்டியது.

சொறியும் ஒவ்வாமையே

சொறி சிரங்கை உண்டாக்கும் சிற்றுண்ணி இவற்றினின்று வேறானது. அது தோலுக்குள்ளேயே வளை தோண்டி முட்டையிடும். 1687இலேயே இத்தாலியரான பொனோமோ, செஸ்தோனி ஆகியோர் அதனை உருப்பெருக்கியில் கண்டு வரைந்தனர். இருப்பினும் அதன் இயல்பை நன்கு தெளிந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கென்னத் மெல்லன்பி என்னும் அறிஞர், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் தாமே முன்வந்து உதவ, அவர்கள்மீது சிரங்கைத் தொற்றவைத்து ஆராய்ந்தார்.

அவர் கண்ட உண்மை வியப்புக்குரியது. முதன்முறை தொற்றியவர்க்கு ஏறத்தாழ ஒரு மாதம்வரை அரிப்பே இல்லை. சிற்றுண்ணி தோலுக்குள் இருந்தும் அவர் அறியார். குணமாகி மறுமுறை தொற்றியபோதோ, ஒரே நாளில் அரிப்புத் தொடங்கிவிட்டது. ஆகவே அரிப்பு என்பது தோண்டும் செயலால் வருவதன்று. அச்சிற்றுண்ணியின் எச்சிலையும் எச்சத்தையும் உடல் பகையென உணர்வதால் வருவது. சாதாரண நோயாளியின் உடல் முழுதும் இருக்கும் வளர்ந்த பெண் சிற்றுண்ணிகள் பத்துப் பன்னிரண்டே; அவ்வளவில் உடலெங்கும் தினவு எடுக்கிறது.

இதிலிருந்து பள்ளிகளும் குடும்பங்களும் கற்க வேண்டியது ஒன்றுண்டு. வீட்டில் ஒருவர்க்குச் சொறி கண்டால், அரிப்பில்லாத மற்றவர்க்கும் அது ஏற்கெனவே தொற்றியிருக்கலாம். ஆதலால் மருத்துவர் கூறும் மருந்தை வீட்டார் அனைவரும் ஒரே நாளில் பூசிக்கொள்ளுதல் வேண்டும். அரிக்கும் பிள்ளைக்கு மட்டும் பூசினால் நோய் வட்டமிட்டு மீண்டும் வரும். நோய் நீங்கிய பின்னும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு நீடிக்கலாம். அது ஒவ்வாமையின் எச்சம். அதைக் கண்டு மருந்தை ஓயாமல் பூசுவதும் தவறு. சொறி வந்த பிள்ளையை அழுக்குப் பிள்ளை என்று இழிவுபடுத்துவது அதனினும் பெருந்தவறு. நெருங்கிய தொடுகையால் பரவும் இந்நோய் தூய்மையுள்ளவர்க்கும் வரும்.

உணவு வழி வரும் வினை

சிற்றுண்ணி ஒவ்வாமை மூக்கோடு நிற்பதில்லை. கோதுமை மாவுப் பையைத் திறந்து, பாதியைப் பயன்படுத்தி, மீதியைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுகிறோம். ஈரக்காற்றில் சில வாரங்களில் அம்மாவில் சிற்றுண்ணிகள் பல்கிவிடக்கூடும். ஏற்கெனவே தூசி ஒவ்வாமை உள்ள ஒருவர் அம்மாவால் செய்த தோசையையோ பலகாரத்தையோ உண்டால், சிறிது நேரத்தில் முகம் வீங்கி, தடிப்பு எழும்பி, மூச்சுத் திணறி மயங்கி விழலாம். சமைக்கும் சூடு அப்புரதங்களை முற்றும் அழிப்பதில்லை. இது 1993 முதல் மருத்துவ ஏடுகளில் எழுதப்பட்டு வருகிறது. வெனிசுவேலா போன்ற வெப்பநாடுகளில் பலர்க்கு நேர்ந்துள்ளது. 2008இல் சிங்கப்பூரிலிருந்தும் இருவர் பற்றிய குறிப்பு வெளிவந்தது. கோதுமையே ஒவ்வாது என்று எண்ணி மயங்குவதற்கு இங்கு இடமுண்டு. திறந்த மாவை இறுக மூடிய கலத்தில் இட்டுக் குளிர்ப்பெட்டியில் வைப்பதே தக்க காவல்.

சிலர்க்கு இறால், நண்டு உண்டால் வாயும் உதடும் அரிக்கும். இறாலின் தசையிலுள்ள 'டிரோப்போமயோசின்' என்னும் புரதம், சிற்றுண்ணியிலும் கரப்பான் பூச்சியிலும் உள்ள புரதத்தோடு பெரிதும் ஒத்தது. ஒன்றைப் பகையென அறிந்த உடல், மற்றதையும் அதுவென்றே கொள்கிறது. ஆயினும் தூசி ஒவ்வாமை உள்ளோர் அனைவர்க்கும் இது வருவதில்லை. இறால் உண்டு நலமாக இருப்பவர், சோதனைத் தாளில் ஓர் எண்ணைக் கண்டு அஞ்சி அதனை விலக்க வேண்டியதில்லை.

உண்ணியால் வரும் ஒவ்வாமை இவற்றினும் விந்தையானது. சில வகை உண்ணிகள் கடித்தபின், ஆடு, மாடு, பன்றி இவற்றின் இறைச்சி ஒவ்வாமற்போவதை ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் கண்டறிந்து 2009இல் வெளியிட்டனர். அவ்விறைச்சியிலுள்ள 'ஆல்ஃபா-கால்' என்னும் சருக்கரைப் பொருளே காரணம். உண்டு மூன்று முதல் ஆறு மணி நேரம் சென்றபின் தடிப்போ மயக்கமோ வருவதால், மாலையில் உண்டவர் நள்ளிரவில் துன்புறுவார். உணவின்மேல் ஐயமே எழாது.

இங்கு ஒரு வேறுபாட்டையும் குறித்தல் வேண்டும். புல்வெளியிலும் செம்பனைத் தோட்டத்திலும் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்தால் வரும் புதர்க்காய்ச்சல், ஒவ்வாமையன்று, கிருமி நோய். மலாயாவின் தோட்டப்புறங்களில் அது உழைப்பாளரை வாட்டிய நோய். 1948இல் கோலாலம்பூரில் ஸ்மேடல் குழுவினர் குளோராம்ஃபெனிக்கால் என்னும் மருந்தால் அதனைக் குணப்படுத்திக் காட்டினர். தோட்ட வேலையின்பின் கடுங்காய்ச்சலும், உடலில் எங்கேனும் கரும்பொருக்குடைய சிறு புண்ணும் கண்டால், காணாக்கடி என்று இருந்துவிடாமல் மருத்துவரை நாடுக.

செய்யத்தக்கன

தலையணையுறை, விரிப்பு, போர்வை ஆகியவற்றை வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவைத்தால் சிற்றுண்ணி மடியும், எச்சமும் போகும். குளிர்ந்த நீரில் துவைத்தால் எச்சம் கரைந்தாலும் சிற்றுண்ணிகளுள் பல பிழைத்துக்கொள்ளும். கடும் வெயிலில் மெத்தையைக் காயவைப்பது நன்றே. ஆனால் செத்த உடலும் எச்சமும் உள்ளேயே தங்கும். துணிப் பொம்மைகளை ஒரு நாள் முழுதும் உறைபெட்டியில் வைத்துப் பின்னர்த் துவைக்கலாம். படுக்கையறையில் கம்பளம் வேண்டா. உலர்ந்த துடைப்பத்தைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். பெருக்கும்போதும் படுக்கையை உதறும்போதும் நோயுள்ள குழந்தையை அறையில் வைத்திருத்தலாகாது.

நெருங்க நெய்த தனியுறைகளால் மெத்தையை மூடுவது பற்றி ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. வளர்ந்தோரிடம் அதனால் மட்டும் பெரும்பயன் காணப்படவில்லை. 2017இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு ஒன்றில், சிற்றுண்ணி ஒவ்வாமையுள்ள ஈளைக் குழந்தைகள் கடும் இரைப்பினால் மருத்துவமனைக்குச் செல்வது அவ்வுறைகளால் குறைந்தது. ஆகவே இவை மருந்துக்குத் துணையாகுமே தவிர, மருந்துக்கு மாற்றாகா. விலையுயர்ந்த கருவிகளைக் காட்டி ஈளையை அடியோடு நீக்குவதாகச் சொல்வோரை நம்பிப் பணத்தை இழத்தல் கூடாது.

ஒவ்வாப் பொருளைச் சிறுகச் சிறுக உடலுக்குப் பழக்கும் மருத்துவமும் உண்டு. 1911இல் இலண்டனில் லெனர்ட் நூன் புல்மகரந்தத்தைக் கொண்டு இதனைத் தொடங்கினார். இப்போது தூசிச் சிற்றுண்ணிக்கென நாவின்கீழ் வைக்கும் மாத்திரைகள் வந்துள்ளன. நெடுநாள் தொடர வேண்டிய இதனைச் சிறப்பு மருத்துவர் மேற்பார்வையிலேயே செய்தல் வேண்டும்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

வகுப்பில் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருக்கும் மாணவனை நாம் கண்டிருப்போம். அவன் கண்ணின்கீழ்க் கருமை படர்ந்திருக்கும். வாயைத் திறந்தே மூச்சுவிடுவான். பாடம் நடக்கையில் கண் செருகும். இரவில் மூக்கடைப்பால் உறக்கம் கெட்ட பிள்ளையாக அவன் இருக்கலாம். சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன், பெற்றோரை அழைத்து, 'அம்மா, பிள்ளை இரவில் நன்றாக உறங்குகிறானா? இருமுகிறானா?' என்று கேட்டால், ஒரு நோயை உரிய காலத்தில் கண்டுபிடித்த நன்மை உண்டாகும்.

ஈளைக்குரிய மூச்சுமருந்துக் குழலைப் 'பழக்கமாகிவிடும்' என்று அஞ்சி நிறுத்திவிடும் பெற்றோர் நம்மிடையே உளர். தடுப்பு மருந்தை நிறுத்திய பின்னரே கடும் இரைப்பு வந்து உயிர் நீத்தோரும் உண்டு. இரைப்பு வந்த பிள்ளையைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்து, அவனுக்குரிய உடனடி நிவாரணக் குழலைக் கொடுக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க இயலாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ, இரைச்சல் திடீரென அடங்கி அவன் சோர்ந்தாலோ, காத்திராமல் மருத்துவ ஊர்தியை அழைத்தல் வேண்டும். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. உணவின்பின் முகம் வீங்கி மூச்சுத் திணறுபவர்க்கு அட்ரினலின் ஊசி முதல் மருந்து. வைத்திருப்போர்க்குத் தொடையின் வெளிப்புறத்தில் உடனே செலுத்துதல் வேண்டும்.

உயிரியல் பாடம் நடத்தும்போதும், சொற்பொருள் விளக்கும்போதும், 'காணாக்கடி' என்னும் சொல்லை மாணவர்க்கு எடுத்துரைக்கலாம். காணாததைக் காணாதது என்றே சொல்லிவைத்த முன்னோர், அதனைக் கண்டறியும் பணியை நமக்கு விட்டுச் சென்றனர். உருப்பெருக்கி அதனைக் கண்டுவிட்டது. இனிச் சுவரிலிருந்து கொசு பிடிக்கும் சிலந்தியை விட்டுவிட்டு, தலையணையுறையை வெந்நீரில் போடுவதே நாம் செய்யத்தக்கது.